வரிசையில் நின்ற விரியன்

செம்மண்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை வரிசையில் அந்தக் கண்ணாடி விரியன் முதன்முதலாக வந்து நின்றபோது, அஞ்சலாட்சியின் தங்கை விருத்தாம்பாள் செத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. எட்டு மணிக்குக் கம்பிக்கதவு திறந்து, சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர்களும் இருமலுக்கு வந்தவர்களும் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர்களுமாக நாற்பது பேர் வேப்பமரத்திலிருந்து சீட்டு ஜன்னல்வரை நின்றிருக்க, கடலைக்கொல்லை வேலிக்கடியிலிருந்து அது ஊர்ந்து வந்து, கடைசியாக நின்ற கிழவரின் குதிகாலுக்கு இரண்டு முழம் தள்ளிச் சுருண்டு, தன் முறைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது.

வரிசை கலைந்து ஓடியது. பாம்பு கலையவில்லை. டிராக்டர் ஓட்டுகிற பாவாடை எங்கிருந்தோ ஒரு சவுக்குக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றுவிட்டது, ஏனென்றால் அது சீறவில்லை, தலையைத் தூக்கவில்லை, அவரும் வரிசைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்ததுபோல ஒரு சாண் நகர்ந்து அவருக்கு இடம் விட்டது. சீறியிருந்தால் அடித்திருப்பேன், இடம் விடுகிற ஒன்றை எப்படி அடிப்பது என்று அவர் பிறகு டீக்கடையில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிய சனமும் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பியது. வீட்டில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, டாக்டர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், பாம்பு நிற்கிறதென்று சர்க்கரை இறங்கிவிடுமா? ஒன்பது மணிக்கெல்லாம் அதற்கு முன்னால் ஆள் இருந்தது, பின்னாலும் ஆள் இருந்தது. வரிசை ஓரடி நகர்ந்தால் அதுவும் ஓரடி நகர்ந்தது. முறை வந்ததும் மருந்து கொடுக்கும் ஜன்னலின் சிமெண்ட் மேடையில் ஏறி, தலையை மட்டும் உயர்த்தி, உள்ளே மூலையில் இருந்த குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தது. மருந்து கொடுக்கும் தணிகைவேல் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, என்ன வேண்டும் என்று பழக்கதோஷத்தில் கேட்டேவிட்டார். அது பன்னிரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னல் சாத்தப்பட்டதும் இறங்கி, வந்த வழியே கொல்லைக்குள் போனது. மறுநாளும் எட்டு மணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

மூன்றாம் நாள்தான் அஞ்சலாட்சிக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. களை வெட்டும் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அவள் நடந்த நடையில் பதினேழு நாளும் அதற்குமேல் மூன்று நாளும் இருந்தன. தங்கையைப் பாம்பு கடித்தது கார்த்திகைக் கடலை பிடுங்குகிற ஒரு வெள்ளிக்கிழமை. அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த சாலில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், கொல்லைக்காரர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார், பிடுங்குகிற பதினான்கு பெண்களில் ஒருத்தி காலிலும் செருப்புகூட இல்லை. விருத்தாம்பாள் அய்யோ என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா, ஏதோ முள்ளு மாதிரி, என்றாள். கொடியை விலக்கினால் சங்கிலி சங்கிலியாகப் புள்ளி போட்ட உடம்பு, கொல்லைக்காரரின் ஆள் மண்வெட்டியை வீச, அது வால்பக்கத்தில் ஒரு சதைத்துண்டை விட்டுவிட்டுக் கொடிக்குள் மறைந்தது. பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து இல்லை, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து, நாற்பது கிலோமீட்டரில் இருபத்தாறாவது கிலோமீட்டரில், கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற வளைவில், பல் ஈறெல்லாம் ரத்தம் கசிய, அக்காள் மடியில் விருத்தாம்பாள் செத்துப்போனாள்.

செத்தவளைப் பார்க்க வந்த ஊர் என்னவெல்லாம் சொன்னது! ராகு காலத்தில் கொல்லையில் இறங்கியிருக்கிறாள் என்றது. நாகதோஷம், அப்போதே பரிகாரம் செய்திருக்க வேண்டும் என்றது. பார்த்துக் காலை வைக்கக்கூடாதா என்றது. கொடியும் இலையும் முழங்கால்வரை மண்டிக்கிடக்கிற மண்ணில், குனிந்த முதுகு நிமிரக்கூடாது என்று வரப்பில் ஒருவர் நின்று அதட்டுகிற இடத்தில், எதைப் பார்த்து எங்கே காலை வைப்பது என்று அஞ்சலாட்சி கேட்டாள். மருந்து ஏன் இல்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவே இல்லை. ஊராட்சித் தலைவர் துலுக்காணம் வந்து, பிரேதப் பரிசோதனைக்குப் போனால் அறுத்துக் கூறுபோட்டு இரண்டு நாள் கழித்துத்தான் கொடுப்பார்கள், பேசாமல் எடுத்துவிடலாம் என்று அன்பாகச் சொன்னார். பதிவேட்டில் மாரடைப்பு என்று எழுதினார்கள். முப்பத்தாறு வயசுக்காரி, தலையில் இரண்டு மூட்டை கடலையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடுகிறவள், அவளுக்கு மாரடைப்பு.

ஆஸ்பத்திரி வரிசையில் அது சுருண்டிருந்தது. வால்பக்கத்தில் மண்வெட்டி வெட்டிய இடம் ஆறி வெளுத்திருந்தது. அதுதான், அதேதான். அஞ்சலாட்சி அதற்குப் பின்னால் போய் நின்று களைக்கொட்டின் பிடியை இறுக்கினாள். வரிசை நகர்ந்தது, அது நகர்ந்தது, அவள் நகர்ந்தாள். இந்த இடத்தில் அடிக்கலாம், இல்லை இந்த இடத்தில் அடிக்கலாம் என்று நினைத்து நினைத்து வேப்பமர நிழல் முடிந்து வெயில் வந்துவிட்டது. ஜன்னல் மேடையில் ஏறி அது தலையை உயர்த்தியபோது, அது எதைப் பார்க்கிறதென்று அவளும் பார்த்தாள். குளிர்பதனப் பெட்டி. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர் வரிசையாக எழுதப்பட்டு, ஒரு பெயருக்கு நேராகக் கோடு மட்டும் போட்டிருந்தது.

களைக்கொட்டை மேடைமேல் வைத்துவிட்டு, பாம்பின் தலைக்கு மேலாகக் குனிந்து, விஷமுறிவு மருந்து இருக்குதா என்று கேட்டாள்.

இல்லை என்றார் தணிகைவேல்.

ஏன் இல்லை என்று கேட்டாள். தணிகைவேல் கெட்டவர் இல்லை, பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் இருந்து களைத்துப்போனவர், அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் மேலிருந்து வரும், இந்த ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷமாகப் பாம்புக்கடியில் ஒரு சாவுகூடப் பதிவாகவில்லை, தேவை இல்லாத இடத்துக்கு யார் மருந்து அனுப்புவார்கள் என்று விளக்கினார்.

அஞ்சலாட்சி அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "மருந்து இல்லாம சாவுறாங்க. செத்தவங்கள மாரடைப்புன்னு எழுதுறீங்க. மாரடைப்புன்னு எழுதினதால மருந்து வர்ல. அப்படித்தான சார்?"

தணிகைவேல் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவள் கூலி வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, தினமும் எட்டு மணிக்கு அந்த விரியனுக்குப் பின்னால் நின்றாள். மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தங்கையைக் கொன்ற பல் இரண்டடி முன்னால் ஊர்ந்து போவதைப் பார்த்துப் பார்த்து அவள் வயிறு எரிந்தது. ஆனால் தங்கைக்கு வேண்டியிருந்ததைக் கேட்டு வந்து நிற்பதற்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லையே என்பதை நினைத்தால் அதைவிட அதிகமாக எரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? முதல் வாரமே ஒருத்தி வரிசையோரம் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி பால் வைத்தாள், பாம்பு அதைத் தாண்டிப் போனது, நாய் குடித்தது. இரண்டாவது வாரம் தலைவர் துலுக்காணம் வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, விரியன் ஆத்தாள் என்று பலகை மாட்டினார். பலகை எழுதிய பெயிண்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்து தலை நல்லபாம்புதான், அதனால் படமே எடுக்காத விரியனுக்கு மேலே ஐந்து படம் விரித்து நின்றது. சாமிக்கென்று தனி வரிசை ஒன்று சிவப்புக் கம்பளம் விரித்துக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். விரியன் கம்பளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொது வரிசையிலேயே, சர்க்கரைக்காரர்களுக்கும் சளிக்காரர்களுக்கும் நடுவிலேயே, நின்றது. வெள்ளிக்கிழமைகளில் பதினெட்டு ஊர்ச் சனம் வந்தது. பூக்கடை வந்தது, வளையல் கடை வந்தது, ஒலிபெருக்கி வந்தது, தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். வனத்துறை ஆட்கள் வந்து கொக்கியால் தூக்கிப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள், மறுநாள் காலை எட்டு மணிக்கு உடம்பெல்லாம் செம்மண் புழுதியோடு அது வேப்பமரத்தடியில் நின்றது. அற்புதம் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரே ராத்திரியில் ஒரு பாம்பு கடந்த நாற்பது கிலோமீட்டரை என் தங்கச்சி ஆட்டோவில் கடக்க முடியவில்லை என்று அஞ்சலாட்சி சொன்னாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அவளால் தாங்கவே முடியாமல் போனது இரண்டு விஷயம். ஒன்று, பாவாடையின் மனைவி மங்காவரத்துக்கு ஆத்தாள் வந்து, கூந்தலை விரித்துப்போட்டு, எனக்குக் கல்லால் கோயில் கட்டுங்கள், ஓடு வேண்டாம், காங்கிரீட் கூரை போடுங்கள் என்று ஆடிய நாள். ஆத்தா மருந்து எதுவும் கேக்கலியா என்று அஞ்சலாட்சி நேருக்கு நேராக நின்று கேட்டாள், மங்காவரம் ஒரு கண்ணைத் திறந்து முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டு ஆடினாள். இன்னொன்று, விருத்தாம்பாளின் புருஷன் கலியமூர்த்தி. மொட்டையடித்து, காவி வேட்டி கட்டி, கொட்டகை வாசலில் விபூதித் தட்டோடு உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்களிடமெல்லாம், முதல் பூசையாக என் பெண்சாதியைத்தான் ஆத்தா எடுத்துக்கொண்டாள், எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது என்று சொல்லி நெற்றியில் பூசினான். அதை முதல் தடவை கேட்டபோது அஞ்சலாட்சி விபூதித் தட்டைத் தட்டிவிட்டாள்.

"எடுத்துக்கலடா," என்றாள். "நம்ம ஆளுங்க எல்லாரும் சேந்து குடுத்துட்டோம்."

அவனுக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிந்திய விபூதியை அள்ளித் தட்டில் போட்டான். அதைப் பார்த்து அவளுக்கு அவன்மேலிருந்த கோபம் போகவில்லை, கூடத்தான் செய்தது.

மறுநாள் அவள் ஜன்னலில் கேட்கிற கேள்வியோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டாள். விஷமுறிவு மருந்து இருக்குதா? இல்லை. இல்லைன்னு எழுதிக் குடுங்க. எழுதித் தர முடியாது என்றார் தணிகைவேல், அப்படியெல்லாம் எழுத அவருக்கு அதிகாரம் இல்லை, எழுதினால் வேலைக்கு ஆபத்து, எங்கேயாவது மலைமேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு மணிவரை பாம்பும் அவளும் ஜன்னலில் நின்றார்கள். இரண்டாம் நாளும் கேட்டாள், மூன்றாம் நாளும் கேட்டாள். ஒன்பதாம் நாள் அவள் எதுவும் கேட்காமல், இருபத்தாறாவது கிலோமீட்டரைப் பற்றிச் சொன்னாள். கரும்பு வண்டிகள் எத்தனை நின்றன, ஆட்டோக்காரர் இறங்கி எப்படிக் கையெடுத்துக் கும்பிட்டு வழி கேட்டார், அக்கா இருட்டாயிடுச்சா என்று நடு மத்தியானத்தில் விருத்தாம்பாள் எந்தக் குரலில் கேட்டாள், ஈறிலிருந்து வந்த ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி எப்படித் தன் புடவையில் ஓடியது என்று, குரலை உயர்த்தாமல், ஒன்றையும் விடாமல் சொன்னாள். விரியன் மேடையில் தலையை உயர்த்தியபடி இருந்தது. தணிகைவேல் அவள் சீட்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில், விஷமுறிவு மருந்து இருப்பில் இல்லை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்திக் கொடுத்தார். முத்திரை இரட்டையாக விழுந்தது.

அவளுக்குப் பின்னால் இருமலுக்கு வந்து நின்றவள், அதே கொல்லையில் அதே வெள்ளிக்கிழமை மூன்றாவது சாலில் கடலை பிடுங்கியவள், தன் சீட்டை நீட்டி, எனக்கும் அதே மாதிரி எழுதுங்க என்றாள். இருமலுக்கு எதற்கு அது என்று தணிகைவேல் கேட்டார். என் காலைப் பாருங்க என்றாள் அவள். பார்த்தார். சேற்றுப்புண்ணும் வெடிப்புமாக வெறுங்கால். அவளுக்கும் எழுதினார். அவளுக்குப் பின்னால் நின்றவளும் நீட்டினாள். அன்றைக்கு நாற்பத்தொன்று, மறுநாள் அறுபத்துமூன்று, ஒவ்வொரு சீட்டின் முன்பக்கத்திலும் காய்ச்சல், வயிற்றுவலி, மூட்டுவலி, பின்பக்கத்தில் இல்லை, இல்லை, இல்லை.

கல் கோயிலுக்கு அடிக்கல் நாட்ட மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். தலைவர் பரிவட்டம் கட்டினார், மங்காவரம் ஆரத்தி எடுத்தாள், தொலைக்காட்சிக் கேமராக்கள் வரிசையில் ஏழாவது ஆளாக நின்ற விரியனைப் படம் பிடித்தன. தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு அஞ்சலாட்சி முன்னால் வந்தபோது யாரும் தடுக்கவில்லை, செத்தவளின் அக்காள், அவள்தானே கொடுக்க வேண்டும். அதிகாரி பழத்தை எடுத்தார், அதற்கடியில் கட்டாக, பெண்கள் அவளிடம் கொடுத்திருந்த நூற்றுச் சொச்சம் சீட்டு. மேலே இருந்ததைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். விரலை எச்சில் தொட்டு அதற்கடுத்ததைப் புரட்டினார். யார் இப்படி எழுதிக் கொடுத்தது, யார் அனுமதி கொடுத்தது என்றுதான் முதலில் கோபப்பட்டார். தணிகைவேல் ஜன்னலுக்குள்ளிருந்து எழுந்து நின்று, நான்தான் சார், இல்லாததை இல்லை என்று எழுதினேன் என்றார். அவர் குரல் கேமராவில் நன்றாகவே பதிந்தது.

ஆவன செய்யப்படும் என்றார் அதிகாரி.

"எப்பன்னு எழுதிக் குடுங்க ஐயா," என்றாள் அஞ்சலாட்சி.

தலைவர் அவள் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வெறுங்கால் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலேயே அது ஒரு வரிசையாகிவிட்டது, அதன் கடைசியில் வேப்பமரத்தடியிலிருந்து ஊர்ந்து வந்து விரியனும் நின்றது. அதிகாரி அதைப் பார்த்தார். பேனாவை எடுத்து, ஒரு சீட்டின் ஓரத்தில் அடுத்த செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜீப்பில் பனிக்கட்டிப் பெட்டி வந்தது. இருபது குப்பி. வரிசையைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்க் குளிர்பதனப் பெட்டியில் அடுக்கி, கோடு போட்டிருந்த இடத்தில் தணிகைவேல் இருபது என்று எழுதினார். விரியன் தன் முறை வரும்வரை காத்திருந்தது, மேடையில் ஏறியது, தலையை உயர்த்தி ஒரு நிமிஷம்தான் பார்த்திருக்கும், இறங்கிக் கொல்லைக்குள் போய்விட்டது. அதன்பிறகு அது வரவே இல்லை.

ஊர் எட்டு நாள் எதிர்பார்த்தது, ஒன்பதாம் நாள் அஞ்சலாட்சியைத் திட்ட ஆரம்பித்தது. சாமியைக் கொண்டுபோய் ஆபீஸ் விவகாரத்தில் இழுத்துவிட்டாள், ஆத்தா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றது. பூக்கடை போனது, வளையல் கடை போனது, கோயில் அடிக்கல்லோடு நின்றது. மங்காவரம் அஞ்சலாட்சியின் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். கொல்லைக்காரர் இனிமேல் உனக்கு இங்கே வேலை இல்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார். அவள் மூன்று ஊர் தள்ளிப் போய்க் களை வெட்டினாள். பெண்கள் அவளைப் பார்த்தால் தலை குனிந்துகொண்டு போனார்கள். சீட்டு நீட்டிய அதே பெண்கள்தான்.

பங்குனியில் அடுத்த கடலை பிடுங்கினார்கள். ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு மங்காவரத்தைக் கொல்லையில் விரியன் கடித்தது. அந்த விரியனா வேறு விரியனா என்று யாருக்கும் தெரியாது, கொடிக்கடியில் வால் யாருக்குத் தெரியும். பாவாடை அவளை டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் வைத்துப் பார்த்து, உறையவில்லை என்றதும் டாக்டர் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பத்துக் குப்பி ஏறியது. முழங்கால்வரை வீங்கின கால் வீக்கத்தோடேயே இருந்தது, ஆனால் சாயங்காலம் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தவள், முதல் காரியமாக, கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போங்கள், ஆத்தா என்னைக் காப்பாற்றினாள், தேங்காய் உடைக்க வேண்டும் என்றாள். ஊரே திரண்டு பின்னால் போனது. ஒலிபெருக்கி மறுபடி வந்தது.

அஞ்சலாட்சி களை வெட்டப் போகிற வழியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு முதுகைக் காட்டி, மருந்து ஜன்னலுக்குப் போனாள். அங்கே வரிசையே இல்லை, எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள்.

"மீதி எத்தன இருக்குது?"

"பத்து," என்றார் தணிகைவேல்.

"செலவான பத்த எப்ப கேப்பீங்க?"

"எழுதணும்மா. பாம்புக்கடின்னு பதிவு போட்டு, மேல எழுதணும். நாளைக்கு..."

"இப்ப எழுதுங்க சார்," என்றாள் அவள். "நான் நிக்கறேன்."

அவர் பதிவேட்டை எடுத்து விரித்தார். அவள் களைக்கொட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள்.